ஸ்கொலசிப் பரீட்சையும் டியூசன் வகுப்பும்: எல்லாப் பிள்ளைக்கும் சமமா?



லயங்களில் கூட்டம் வைக்கும்போதெல்லாம் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றி இரண்டு கேள்விகள் நம்மிடம் வருகின்றன. ஒன்று: "டியூசனுக்கு அனுப்பாட்டி எங்க புள்ள பாஸ் பண்ணாதா?" மற்றது: "காசு உள்ளவன் புள்ளதான் பாஸ் பண்ணும்னா, அப்புறம் பரீட்சை எதுக்கு?"

இரண்டும் நல்ல கேள்விகள். சும்மா "படித்தால் முன்னேறலாம்" என்று சொல்லி இவற்றைத் தட்டிக்கழிக்க முடியாது. இந்த இதழின் கல்விப் பாடத்தில் இவ்விரண்டுக்கும் விடை தேடுவோம். வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசிக்காதவர்களுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

இந்தப் பரீட்சை எதற்காக வந்தது?

1940களில் இந்த நாட்டில் கல்வி அமைச்சராக இருந்தவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. இலவசக் கல்வியின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அந்தக் காலத்திலேயே கிராமப்புறங்களில் மத்திய மகா வித்தியாலயங்கள் திறக்கப்பட்டன. கெட்டிக்காரப் பிள்ளை ஏழை வீட்டில் பிறந்த ஒரே காரணத்தால் படிப்பை விட்டுவிடக் கூடாது, அப்படிப்பட்ட பிள்ளையைத் தேடி எடுத்து நல்ல பாடசாலையில் சேர்க்க வேண்டும் என்பதற்காகவே புலமைப்பரிசில் பரீட்சை வந்தது.

அதாவது இது ஏழைப் பிள்ளைக்காக உண்டான பரீட்சை. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நம்முடைய தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதவு பிந்தித்தான் திறந்தது. தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. 1970களில்தான் அவை அரசாங்கத்தின் பொறுப்புக்கு வரத் தொடங்கின. தமிழ் மொழி மூல ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கப் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி 1990களில் வந்தது. மற்றவர்கள் ஓடத் தொடங்கி முப்பது வருசத்துக்குப் பிறகு நாம் ஓடத் தொடங்கினோம். ஆகவே நம் பிள்ளை பின்னால் நின்றால், அது பிள்ளையின் மூளையில் உள்ள குறை என்று யாரும் நினைக்கக் கூடாது.

பரீட்சையில் கிடைப்பது என்ன?

இரண்டு விசயம் கிடைக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலாவது, உதவிப் பணம். இது வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு உரியது. மாதம் 750 ரூபாவாக இருந்த இந்தப் பணம் 1,500 ரூபாவாக உயரும் என்று 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. இதற்கான வெட்டுப்புள்ளி மாவட்ட வாரியாகவும் மொழி மூல வாரியாகவும் வெளியிடப்படும்.

இரண்டாவது, ஆறாம் தரத்துக்குப் பெரிய பாடசாலை ஒன்றில் இடம். ஒவ்வொரு பாடசாலைக்கும் தனித்தனி வெட்டுப்புள்ளி உண்டு. உண்மையான போட்டி இங்கேதான் நடக்கிறது. காரணம் எல்லோருக்கும் தெரியும். தோட்டங்களில் உள்ள பல பாடசாலைகள் ஐந்தாம் தரத்தோடு நின்றுவிடும். சில பதினோராம் தரம் வரை போகும். உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் படிக்க வேண்டுமானால் 1ஏபி தரப் பாடசாலைக்குத்தான் போக வேண்டும். மலைநாட்டில் தமிழ் மொழி மூலம் அப்படிப்பட்ட பாடசாலைகள் தேவைக்குப் போதவில்லை. இடம் கொஞ்சம், பிள்ளைகள் அதிகம். டியூசன் கடை விரிப்பதற்கு இதுவே காரணம்.

டியூசன் எதைக் கொடுக்கிறது?

நாம் டியூசனைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அதில் என்ன கிடைக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பரீட்சையில் இரண்டு வினாத்தாள்கள், மொத்தம் 200 புள்ளிகள். நுண்ணறிவைப் பார்க்கும் முதலாம் வினாத்தாளில் 40 கேள்விகள். நேரம் ஒரு மணித்தியாலம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிசம்தான்.

இப்படி ஒரு கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 2, 5, 10, 17, அடுத்தது என்ன? இரண்டிலிருந்து ஐந்துக்கு 3 கூடுகிறது. பிறகு 5 கூடுகிறது. பிறகு 7. அப்படியென்றால் அடுத்து 9 கூட வேண்டும். விடை 26. இதே மாதிரிக் கணக்கை ஐம்பது தடவை செய்த பிள்ளை அரை நிமிசத்தில் எழுதிவிடும். முதல் தடவையாகப் பார்க்கிற பிள்ளையும் கண்டுபிடிக்கும். ஆனால் அதற்கு நாலைந்து நிமிசம் போய்விடும். அந்த நேரத்தில் மற்றப் பிள்ளை பத்துக் கேள்வி தாண்டியிருக்கும்.

ஆக டியூசன் கொடுப்பது பெரும்பாலும் பழக்கமும் வேகமும். புத்தி என்பது பிள்ளையிடம் ஏற்கெனவே இருப்பது. பழக்கம் மட்டும்தான் காசுக்கு விற்கப்படுகிறது. பழக்கத்தைக் காசில்லாமலும் தேடிக்கொள்ள முடியும். அதைப் பின்னால் சொல்கிறோம்.

நியாயம் எங்கே பிசகுகிறது?

இதைக் கொழுந்து மலைக் கணக்கில் சொன்னால் நன்றாக விளங்கும். ஒரு பேருக்கு இத்தனை கிலோ என்று தோட்டத்தில் ஓர் அளவு இருக்கிறது. நாலு பேர் மட்டும் அதற்கு மேலே எடுத்தால் அவர்களுக்குக் கைக்காசு கிடைக்கும். எல்லோரும் விழுந்து விழுந்து மேலே எடுக்கத் தொடங்கினால் என்ன நடக்கும்? "எல்லாரும் எடுக்கிறாங்க தானே" என்று அளவைக் கூட்டச் சொல்லுவார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் கூடுதலாகப் பாடுபடுகிறார்கள், ஒருவருக்கும் கூடுதலாகக் கிடைப்பதில்லை. கை மெதுவாக உள்ளவருக்கு அரைப் பேர்தான் விழும்.

வெட்டுப்புள்ளியும் இப்படித்தான். பாடசாலையில் நாற்பது இடம் என்றால் நாற்பது இடம்தான். நூறு பிள்ளை டியூசன் போனாலும் அது நாற்பத்தொன்றாகாது. எல்லோருடைய புள்ளியும் ஏறினால் வெட்டுப்புள்ளியும் சேர்ந்து ஏறும். டியூசனால் வருவது, வரிசையில் யார் முன்னே நிற்பது என்ற மாற்றம் மட்டுமே. அந்த வரிசையில் காசு கொடுக்க முடிந்தவர்கள் முன்னே வருகிறார்கள்.

மாவட்ட வாரியாக வெட்டுப்புள்ளி வைப்பது ஒரு நியாயத்துக்காகத்தான். எல்லா மாவட்டமும் ஒரே வசதியோடு இல்லை என்பதை அரசாங்கமே ஒத்துக்கொண்டிருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியிலும் நுவரெலியா, பதுளை போன்ற மாவட்டங்கள் கல்வி வசதி குறைந்தவை என்று தனியாகக் கணக்கெடுக்கப்படுகின்றன. ஆனால் ஒரு மாவட்டத்துக்கு உள்ளேயே இருக்கிற வித்தியாசத்தை இந்த முறை பார்ப்பதில்லை. டவுனில் கடை வைத்திருப்பவரின் பிள்ளையும், தூரத்து டிவிசனில் தொங்கல் காம்பிராவில் இருக்கிற பிள்ளையும், இருவரும் ஒரே மாவட்டம், ஒரே தமிழ் மொழி மூலம், ஒரே வெட்டுப்புள்ளி. ஒரு பிள்ளைக்கு டியூசன் வகுப்பு நடந்து போகும் தூரத்தில். மற்றப் பிள்ளைக்கு பஸ் வரும் இடத்துக்கே ஒரு மணித்தியால நடை.

வீட்டுக் கணக்கையும் பார்ப்போம். உதாரணத்துக்கு, டியூசன் கட்டணம் மாதம் 1,500 ரூபா, பஸ்ஸுக்கு 800, மாதிரி வினாத்தாளுக்கு 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 2,700 ரூபா. 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் அறிவித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில் இது இரண்டு நாள் முழுப் பேர். நாலாம் ஐந்தாம் தரங்களில் இருபது மாதம் அனுப்பினால் 54,000 ரூபா, அதாவது நாற்பது நாள் உழைப்பு. உங்கள் சம்பளத்துக்கும் உங்கள் ஊர்க் கட்டணத்துக்கும் ஏற்றபடி கணக்கை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். 

2024இல் நடந்தது

2024 செப்டம்பர் 15ஆம் திகதி நடந்த பரீட்சையில், முதலாம் வினாத்தாளின் மூன்று கேள்விகள் பரீட்சைக்கு முன்பே வெளியே போயிருந்தது தெரியவந்தது. நாடு முழுவதும் பெற்றோர் கொதித்தெழுந்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. பிள்ளைகளின் அடிப்படை உரிமை மீறப்பட்டிருக்கிறது என்று 2024 டிசம்பர் 31ஆம் திகதி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடைசியில் அந்த மூன்று கேள்விகளுக்கும் எல்லாப் பிள்ளைக்கும் புள்ளி கொடுக்கப்பட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. கேள்வியை முன்கூட்டியே பார்க்காமல், சொந்தமாக யோசித்துச் சரியாக எழுதிய பிள்ளைக்கு அந்த உழைப்பால் ஒரு நன்மையும் இல்லாமல் போனது. பத்து வயதுப் பிள்ளைகளின் பரீட்சையில் இப்படி நடக்கிறதென்றால், பெரியவர்களாகிய நாம் அந்த ஒரு நாளை எவ்வளவு பெரிதாக்கி வைத்திருக்கிறோம் என்று யோசிக்க வேண்டும். "இந்தக் கேள்வி நிச்சயம் வரும்" என்று ஆசை காட்டி விற்கிற தாள்களை வாங்காதீர்கள். பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்பிருந்தே டியூசன் வகுப்பு நடத்துவதையும் மாதிரித் தாள் விநியோகிப்பதையும் பரீட்சைத் திணைக்களம் ஒவ்வொரு வருசமும் தடை செய்கிறது. அந்த நாட்களில் யாராவது இரகசிய வகுப்புக்குக் கூப்பிட்டால் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

டியூசனைத் தடை செய்தால் தீருமா?

சிலர் அப்படிக் கேட்கிறார்கள். வேறு நாடுகள் செய்து பார்த்திருக்கின்றன. தென் கொரியா 1980இல் தனியார் டியூசனைத் தடை செய்தது. பணக்காரர்கள் ஒளித்து மறைத்து வீட்டுக்கே ஆசிரியரைக் கூப்பிட்டுப் படிப்பித்தார்கள். 2000ஆம் ஆண்டு அந்த நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் தடை செல்லாது என்று சொல்லிவிட்டது. சீனாவும் 2021இல் பாடசாலைப் பாடங்களுக்கான டியூசன் கம்பெனிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அங்கேயும் ஒளிவு மறைவாக வகுப்புகள் நடந்தன.

நல்ல பாடசாலையில் இடம் குறைவாக இருக்கும் வரை, காசுள்ளவர் ஏதாவது ஒரு குறுக்கு வழி தேடுவார். தீர்வு இரண்டு பக்கமும் வர வேண்டும். ஒரு பக்கம், தோட்டங்களுக்குக் கிட்டவே நல்ல இரண்டாம் நிலைப் பாடசாலைகள் கூட வேண்டும். இதைச் சங்கத் தலைவர்மாரும், பிரதேச சபை உறுப்பினர்மாரும், நாமும் சேர்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மறு பக்கம், டியூசனில் விற்கப்படுகிற பழக்கத்தை எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாக்க வேண்டும். இந்த இரண்டாவது வேலையை நாளைக்கே தொடங்கலாம்.

"அப்ப டியூசனுக்கு அனுப்பறது தப்பா?"

தப்பில்லை. தன் பிள்ளைக்கு நல்லது தேடாத தாய் தகப்பன் உண்டா? வசதி இருந்து, பிள்ளைக்கும் விருப்பம் இருந்தால் அனுப்பலாம். ஆனால் அனுப்புமுன் மூன்று விசயம் பாருங்கள்.

ஒன்று, தோட்டை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி அனுப்ப வேண்டாம். கடன் பாரம் பிள்ளையின் தலையில்தான் ஏறும். "உனக்காக இவ்வளவு செலவழிச்சோமே" என்ற சொல்லைப் பத்து வயதில் கேட்ட பிள்ளை அதை மறக்காது.

இரண்டு, பிள்ளைக்கு விளையாடவும் தூங்கவும் நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். தூங்கி விழுகிற பிள்ளைக்கு எந்த வகுப்பும் ஏறாது.

மூன்று, வகுப்பறையில் படிப்பிக்க வேண்டியதை மிச்சம் வைத்து, அதையே பின்னேரம் அதே பிள்ளைகளுக்குக் காசுக்குப் படிப்பிப்பது நியாயமில்லை. சில மாகாணங்களில் கல்வித் திணைக்களங்கள் இதைத் தடுத்துச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கின்றன. அப்படி நடந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். இதையும் சொல்ல வேண்டும்: காலையில் தூரத்திலிருந்து வந்து, சம்பளத்துக்கு மேலே ஒரு சதமும் வாங்காமல் பின்னேரம் பிள்ளைகளை வைத்துப் படிப்பிக்கிற மாஸ்டர்மாரும் டீச்சர்மாரும் நம் பாடசாலைகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணியாவது கொடுத்து நன்றி சொல்லுங்கள்.

நாம் செய்யக்கூடியவை

1. பிள்ளை ஒரு நாளும் பாடசாலை தவறக் கூடாது. கைக்குழந்தையைப் பார்க்க மூத்த பிள்ளையை மறிக்காதீர்கள். குழந்தையைச் சிறுவர் அபிவிருத்தி நிலையத்தில், அதுதான் நம்ம பிள்ளைக் காம்பிராவில், விடுங்கள். மூத்ததைப் படிக்க அனுப்புங்கள்.

2. கடந்தகால வினாத்தாள்களை ஒவ்வொரு வீடும் தனித்தனியாக வாங்க வேண்டாம். ஒரு லயத்துக்கு ஒரு கட்டு போதும். பிள்ளைகள் விடையைக் கொப்பியில் எழுதட்டும். தாள் அழுக்காகாமல் அடுத்த வருசப் பிள்ளைக்கும் உதவும். கைத்தொலைபேசி உள்ள வீடு என்றால், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தில் தமிழில் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கும்.

3. சனிக்கிழமை பின்னேரம் ஒரு பொது இடத்தில் பிள்ளைகளைச் சேர்த்து வையுங்கள். வாசிகசாலை, கோயில் மண்டபம், பிள்ளைக் காம்பிரா, எதுவானாலும் சரி. துரையிடம் எழுத்தில் கேளுங்கள். ஒரு மணிக்கூடு வைத்து, ஒரு மணித்தியாலத்தில் நாற்பது கேள்வி செய்யப் பழக்குங்கள். முதலில் இருபதுதான் முடியும். பயப்பட வேண்டாம், வாரா வாரம் கூடும்.

4. தோட்டத்தில் சாதாரண தரம், உயர்தரம் படித்த அக்காமார், அண்ணன்மார் இருக்கிறார்கள். வேலை கிடைக்கும் வரை வீட்டில் இருப்பவர்களும் உண்டு. வாரத்தில் இரண்டு மணித்தியாலம் அவர்களிடம் கேளுங்கள். விடையை மட்டும் சொல்லாமல், அந்த விடை எப்படி வந்தது என்று விளக்கச் சொல்லுங்கள்.

5. எழுத வாசிக்கத் தெரியாத தாயும் உதவலாம். "இன்னிக்கு என்ன படிச்ச? எனக்குச் சொல்லிக் காட்டு" என்று கேளுங்கள். அம்மாவுக்கு விளங்கப்படுத்துகிற பிள்ளைக்குப் பாடம் மறக்காது. சம்பளத் துண்டை வாசிக்கக் கொடுங்கள். காலை நிறை, பகல் நிறை, அந்தி நிறை மூன்றையும் கூட்டச் சொல்லுங்கள். அதுவும் கணக்குப் பாடம்தான்.

6. உதவிப் பணத்துக்கான வருமான விபரங்களை அதிபர் கேட்கும்போது பிந்தாமல் கொடுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் போக ஒரு அரை நாள் போகும். அந்த அரை நாளைப் பார்த்து, பிள்ளையின் உரிமையை விட்டுவிடாதீர்கள்.

7. சித்தியடைந்து போன குடும்பம், தன் பிள்ளையின் கொப்பிகளையும் தாள்களையும் லயத்தில் அடுத்த பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். இதை நம் தோட்டத்து வழக்கமாக்குவோம்.

பெறுபேறு வந்த பிறகு

வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்தால் சந்தோசம். கீழே வந்தால் "பெயில்" என்று சொல்லாதீர்கள். இதில் பெயில் என்பதே இல்லை. இடம் நாற்பது என்பதால் நாற்பத்தோராம் பிள்ளை வெளியே நிற்கிறது. அந்தப் பிள்ளைக்கும் நாற்பதாம் பிள்ளைக்கும் இடையில் ஒரு புள்ளிதான் இருந்திருக்கும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புள்ளியைச் சொல்லி ஏசுவதும், பெறுபேறு வந்த அன்று அடிப்பதும் பெரிய பாவம். இந்த நாட்டில் 5 வயது முதல் 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம். 14 வயதாக இருந்த அந்த எல்லை 2016இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. ஐந்தாம் தரத்துக்குப் பிறகும் சாதாரண தரப் பரீட்சை இருக்கிறது, உயர்தரப் பரீட்சை இருக்கிறது. அவற்றை எழுதுவதற்கு ஸ்கொலசிப் புள்ளியை யாரும் கேட்கப் போவதில்லை. "ஸ்கொலசிப் கிடைக்கல, இனி எதுக்குப் படிப்பு?" என்று பிள்ளையை நிறுத்திக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் அனுப்புகிற பழக்கம்தான் உண்மையான தோல்வி.

முதலில் வந்த இரண்டு கேள்விகளுக்கும் இப்போது விடை சொல்லலாம். டியூசன் இல்லாமலும் பிள்ளை சித்தியடையலாம், ஆனால் பழக்கம் இல்லாமல் கஷ்டம். அந்தப் பழக்கத்தை நாம் சேர்ந்து கொடுக்க முடியும். காசுள்ளவருக்கு இந்தப் பரீட்சையில் ஒரு முன்னிடம் இருப்பதும் உண்மைதான். அதைக் குறைக்கும் வேலையை அரசாங்கத்திடமும் கேட்க வேண்டும், நம் லயத்திலும் தொடங்க வேண்டும்.

கூட்டத்தில் கலந்து பேச

1. நமது டிவிசனில் இந்த வருசம் எத்தனை பிள்ளைகள் பரீட்சை எழுதப் போகிறார்கள்? அவர்களில் எத்தனை பேருக்கு வினாத்தாள் கட்டு கையில் இருக்கிறது?

2. சனிக்கிழமை வகுப்புக்கு எந்த இடம் பொருத்தம்? சாவி யாரிடம் இருக்கும்? பொறுப்பு யாருக்கு?

3. உயர்தரம் படித்த பிள்ளைகள் யார் யார் இருக்கிறார்கள்? அவர்களிடம் யார் போய்க் கேட்பது?

4. சென்ற வருசம் இடம் கிடைக்காத பிள்ளைகள் இப்போது பாடசாலைக்குப் போகிறார்களா? யாராவது நின்றிருந்தால், அந்த வீட்டுக்கு நம்மில் யார் போவது?

நான்காவது கேள்வியை முதலில் பேசினாலும் நல்லதே. விடைகளை ஒரு கொப்பியில் எழுதி, உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் கொடுங்கள்.